என் சீடியில் மட்டும் இருந்த டக்

என் பழைய காரின் பிளேயரில் பல வருடங்களாக ஒரே சீடிதான் குடியிருந்தது. சினிமா ஜோடிப் பாடல்களின் தொகுப்பு. பிரிக்பீல்ட்ஸில் முன்பு இருந்த ஒரு கேசட் கடையில் வாங்கியது. அதில் ஏழாவது பாட்டு என் உயிர். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே ஃபோனில் தேடிக் கேட்பீர்கள், பிறகு என்னை நினைத்துச் சிரிப்பீர்கள்.

அந்தப் பாட்டில் முதல் சரணம் முடிந்ததும் வயலின்கள் கூட்டமாக எழும்பும். எழும்பிக்கொண்டிருக்கும்போதே ‘டக்’ என்று ஒரே ஒரு தட்டு விழும். உடனே புல்லாங்குழல், கடைசிச் சரணம், முடிவு. அந்த டக்கில்தான் பாட்டின் உயிரே இருக்கிறது என்பது என் முடிவு. அத்தனை வாத்தியக்காரர்களை உட்காரவைத்து, நடுவில் ஒருவருக்கு மட்டும் ஒரே ஒரு தட்டுக்கு வாய்ப்புக் கொடுத்த இசையமைப்பாளரின் துணிச்சலைப் பற்றி, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் பேசியிருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம்தான் புரியாமல் இருந்தது. உறையில் ஜோடிப் பாட்டு என்று போட்டிருந்தார்கள். ஆனால் பெண்ணுக்குப் பல்லவியில் ஒரு வரி, அப்புறம் அங்கங்கே ஒரு ‘ம்ஹும்’, அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆண்குரல். அந்தக் காலத்துக் கதாநாயகி, அடக்கமானவள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எனக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பிறர் கண்ணைச் சோதித்து, எது மங்கல் எது தெளிவு என்று சொல்வது என் பிழைப்பு. சாலாக் செலாத்தானில் வீடு. காலையில் காரை எடுத்தால் ஜாமில் நிற்கும்போது ஏழாவது பாட்டு வந்துவிடும். டக் வரும் நொடியில் ஸ்டீயரிங்கில் நானும் ஒரு டக் அடிப்பேன். வாரம் ஒரு முறை கடையில் லென்ஸ் துடைக்கும் துணியால் சீடியைத் துடைத்து வைப்பேன். அதன் பளபளப்பான பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று இருந்தது. கம்பெனி அடையாளம் என்று நினைத்திருந்தேன்.

விடுமுறை நாளில் பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருப்பாள். டக் விழுந்ததும் ஏதோ முணுமுணுக்கத் தொடங்குவாள். தாளம் தப்புகிறதே, பாவம், பாட்டு சரியாகத் தெரியவில்லை என்று நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவேன். அவளும் நிறுத்திவிடுவாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் கார் கெட்டது. ஏர்கோன் செத்தது, கியர் முனகியது. கடைசியில் பின் கதவு மழை நாளில் மட்டும் திறக்க மாட்டேன் என்றது. மனைவியும் வேலைக்குப் போகும் மகளும் என்னைப் புதுக் கார் பார்க்க இழுத்துப் போனார்கள். விற்பனைப் பையன் கதவைத் திறந்துவிட்டு, “வாங்க பாஸ்” என்றான். உள்ளே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு திரை இருந்தது. சீடி போடும் வாயைத் தேடினேன். இல்லை.

“சீடி எங்க போடறது?” என்று கேட்டேன்.

“சீடிலாம் இப்ப யாரும் போடறது இல்ல, அங்கிள். புளூடூத் இருக்கு.”

உள்ளே வரும்போது பாஸாக இருந்தவன், ஒரே கேள்வியில் அங்கிள் ஆகிவிட்டேன். அப்படியானால் என் சீடியை எங்கே வைப்பது என்று விடாமல் கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, கோப்பை வைக்கும் குழியைக் காட்டினான். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு டெஸ்ட் டிரைவ்கூட எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் சமாதானம் பேசினாள். சீடியில் இருக்கும் பாட்டெல்லாம் ஃபோனிலேயே கிடைக்கும் என்று ஏழாவது பாட்டைத் தேடிப் போட்டாள். பல்லவி சரி. முதல் சரணம் சரி. வயலின்கள் எழும்பின. நான் மேசையில் விரலைத் தயாராக வைத்திருந்தேன். டக் வரவில்லை. வயலின் பாட்டுக்கு எங்கோ போய்க்கொண்டிருந்தது. ஃபோனைப் பிடுங்கி நிறுத்தினேன்.

“பாத்தியா? டக்க காணோம். டிஜிட்டல்ல இப்படித்தான். இடத்த மிச்சம் புடிக்க வாத்தியத்த எடுத்துருவானுங்க.”

“ப்பா, சீடியும் டிஜிட்டல்தான் ப்பா.”

“கையில புடிக்க முடியுது. அது எப்படி டிஜிட்டல் ஆகும்?”

மனைவி பயற்றங்காயை ஒடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். “அந்த எடத்துல டக்கு இல்லைங்க. ஒரு சரணம் இருக்கு. பொம்பள பாடற சரணம். உங்க சீடி அத தாண்டிப் போகுது.”

அவள் பந்திங்கில் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் இந்தப் பாட்டைப் பாடிப் பரிசு வாங்கியதாக எப்போதோ சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. “அது அந்த ஆப்காரன் நீளத்துக்காகச் சேத்தது” என்றேன்.

“பாடினவங்க போய்ச் சேந்து எவ்வளவோ வருஷம் ஆச்சு. எழுப்பிக் கூட்டிட்டு வந்தா சேத்தான்?”

அப்போதுதான் மகள் மெதுவாக, சின்ன வயதில் அந்தச் சீடியைச் சிமெண்டுத் தரையில் உருட்டி விளையாடியதாக ஞாபகம் என்றாள். சீடியை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, அந்தக் கம்பெனி அடையாளத்தின் மேல் நகத்தை வைத்தாள். “ப்பா, இது கீறல்.”

“எனக்கே கீறல் காட்டறியா? நாளெல்லாம் லென்ஸ் பாக்கறவன் நானு” என்றேன். அதற்கு மேல் பேசினால் தோற்றுவிடுவேன் என்று தெரிந்ததால் குளிக்கப் போய்விட்டேன்.

அந்த வாரமே கிள்ளானிலிருந்து மனைவியின் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். அவன் மகளுக்குக் கல்யாணம். விருந்தில் “மச்சானும் அக்காவும் ஒரு பாட்டு பாடணும்” என்றான். எங்கள் பக்கத்தில் கல்யாண விருந்து என்றால் சொந்தக்காரர்கள் மேடையேறிப் பாடியே தீர வேண்டும், சாப்பிடுகிறவர்கள் கேட்டே தீர வேண்டும். மனைவி ஃபோனை வைத்ததும் சொன்னாள், “ஏழாவது பாட்டு.”

பந்தயம் அங்கேயே முடிவானது. மேடையில் பாட்டு நான் சொல்கிற மாதிரி வந்தால், பழைய காரும், வீட்டில் நான் சேர்த்து வைத்திருக்கும் சீடிப் பெட்டியும் அப்படியே இருக்கும். அவள் சொல்கிற மாதிரி வந்தால் புதுக் கார், சீடிகள் எல்லாம் கீழ் வீட்டு ஆன்டிக்கு. அந்த ஆன்டி ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மிளகாய்ச் செடிகளை மைனாக்கள் கொத்துகின்றனவாம், பளபளவென்று ஏதாவது கட்டித் தொங்கவிட வேண்டுமாம். என் வாழ்நாள் சேமிப்பு மிளகாய்க்குக் காவல் நிற்கப் போவதை நினைத்து, அன்று இரவே சீடிகளை ஒரு முறை எண்ணிப் பார்த்தேன்.

இருவரும் சேர்ந்து பாடிப் பழகினால் என்ன என்று மகள் கேட்டாள். இருவருமே முறைத்தோம். நான் காரில் சீடியோடு பழகினேன். அவள் சமையலறையில் ஃபோனின் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பழகினாள். நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிள்ளான் மண்டபத்துக்குப் போனதும் நேரே சவுண்ட் சிஸ்டக்காரரிடம் போனேன். “அண்ணே, பெண்டிரைவா, ஃபோனா?” என்றார். சீடியை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல என் மொகம்தான் தெரியுது, அண்ணே. பிளேயர் இல்லியே” என்றார். பாட்டின் பெயரைக் கேட்டுத் தன் லேப்டாப்பில் கரோக்கேயைத் தேடி எடுத்தார். பயந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நல்ல இசைக்குழு வாசித்திருந்தால் அதில் டக் இருக்கும் என்று நம்பினேன்.

எங்களுக்கு முன்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா பாடினார். அவர் கையிலிருந்து மைக்கை வாங்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பிறகு நாங்கள் ஏறினோம். பல்லவியை நன்றாகவே பாடினேன். மனைவி தன் ஒரு வரியைப் பாடினாள், ம்ஹும் சொன்னாள். முதல் சரணத்துக்குக் கைதட்டல்கூட வந்தது. வயலின்கள் எழும்பின. எனக்கு அந்த நொடி தூக்கத்திலும் தெரியும். கையை ஓங்கி மைக்கின் தலையில் ஒரு தட்டு தட்டினேன்.

மண்டபத்தில் இடி விழுந்த மாதிரி இருந்தது. முன் மேசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. ஆட்டிறைச்சிப் பிரட்டலில் கை வைத்திருந்தவர்கள் அப்படியே நிமிர்ந்தார்கள். நான் எதையும் கவனிக்காமல் கடைசிச் சரணத்தைக் கம்பீரமாக எடுத்தேன். புல்லாங்குழல் வரவில்லை. வயலின்கள் இன்னும் அவற்றின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. சவுண்ட் சிஸ்டக்காரரைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். அவர் இரண்டு கைகளையும் விரித்தார். சுருதி ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக முழுச் சரணத்தையும் பாடி முடித்து மூச்சு வாங்கி நின்றேன்.

அப்போது வயலின்கள் அடங்கி ஒரு வீணை வந்தது. மனைவி பாடத் தொடங்கினாள்.

அவள் வரிகள் ஓடும் கரோக்கே திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. நேரே என்னைப் பார்த்துத்தான் பாடினாள். நீயே பேசிக்கொண்டிருக்கிறாயே, என்னிடமும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, கொஞ்சம் வாயை மூடு என்று அந்தப் பெண் சொல்கிற மாதிரியான சரணம். அடக்கமானவள் என்று நினைத்தது என் தப்பு. முதலில் எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டாவது வரியில் அவமானப்படுவதை மறந்துவிட்டேன். இவளுக்கு இப்படிப் பாட வரும் என்று இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. மண்டபத்தில் பரிமாறுகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

அதன்பிறகு புல்லாங்குழல் வந்தது. என் முறை. ஆனால் நான் அந்தச் சரணத்தை ஏற்கெனவே செலவழித்துவிட்டேன். முதல் சொல்லே வரவில்லை. மனைவி முழங்கையால் இடித்து எடுத்துக்கொடுத்தாள்.

கீழே இறங்கியதும் அவள் தம்பி என் கையைக் குலுக்கினான். “மச்சான், நடுவுல டக்குன்னு ஒண்ணு அடிச்சீங்களே, அது பாட்டுல இல்லியே. சொந்தமா?”

“சொந்தம்தான்” என்றேன். அது பொய்யும் இல்லை.

திரும்பி வரும் வழியில் ஷா ஆலம் தாண்டிவிட்டோம். நான் சீடியைப் போடவில்லை. கடைசியில் கேட்டேன், “இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“ஒவ்வொரு தடவையும் பாடிக் காட்டுனேனே. நீங்கதான் சவுண்ட கூட்டுனீங்க” என்றாள். பிறகு, “பசிக்குதா? ஆட்டிறைச்சி தாப்பாவ் பண்ணி, கட்டி எடுத்துட்டு வந்திருக்கேன்” என்றாள். எனக்குப் பசி போய்விட்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

புதுக் கார் வந்துவிட்டது. சீடிகள் கீழ் வீட்டு ஆன்டியின் மிளகாய்ச் செடிகளில் தொங்குகின்றன. மைனாக்கள் அவற்றில் முகம் பார்த்துவிட்டு மிளகாயைக் கொத்துகின்றன. அந்த ஒரு சீடியை மட்டும் தரவில்லை. அந்த விற்பனைப் பையன் காட்டிய கோப்பைக் குழியில் செருகி வைத்திருக்கிறேன். ஒரு மாதிரி நிற்கத்தான் செய்கிறது.

பாட்டு இப்போது மனைவியின் ஃபோனிலிருந்து முழுசாக வருகிறது. வயலின்கள் எழும்பும்போது, பழக்கதோஷம், நான் ஸ்டீயரிங்கில் ஒரு டக் அடிப்பேன். அதைக் கேட்டதும் மனைவி அந்தப் பெரிய திரையில் சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்துவிட்டு, தன் சரணத்தைத் தானே பாடுவாள். முடித்து மறுபடி கூட்டும்போது புல்லாங்குழல் பாதி போயிருக்கும். அதைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை.

ஆகவே அந்தச் சரணத்தை அசல் பாடகி எப்படிப் பாடியிருக்கிறார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போன வாரம் பின் சீட்டிலிருந்து மகள் இயர்போனை நீட்டினாள். “ஒரு தடவையாச்சும் ஒரிஜினல கேளுங்க ப்பா.”

“வேணாம் லா” என்றேன். “எனக்கு இதான் ஒரிஜினல்.”