“ஓம், ஓடுது”

போன செவ்வாய்க்கிழமையை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது.

நெடுந்தீவுப் படகு இன்று ஓடுமா, காற்றுக்கு நிற்குமா? இதைத் தினமும் விடிய ஐந்தரைக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப ஒரு கணினி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். படகு புறப்படும் குறிகட்டுவான் துறையில் நிற்கும் நண்பன் தகவலைப் போடுவான்; மிச்சம் அதன் வேலை. ஆனால் அது ஓடியது என் லேப்டாப்பில். மூடியை மூடினால் செத்துவிடும். “இண்டைக்கும் உம்மட சாமான் ஓடேல்லையோ?” என்று நெடுந்தீவு ஜசிந்தா அக்கா போனில் கேட்பார்.

ரோஷம் வந்துவிட்டது. திங்களன்று வாடகை சர்வர் ஒன்றில் அதைப் பின்னணிச் சேவையாக ஏற்றினேன் — பக்கத்தில் ஆளில்லாமலே ஓடும், விழுந்தால் தானே எழும்.

செவ்வாய் காலை ஆறு மணி. அது ஓடுவதாகத் திரையில் பச்சை எழுத்து. ரசித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு.

“தம்பி, இண்டைக்கு ஓடுதோ?”

“ஓம் அக்கா, ஓடுது. இனி நிக்காது.”

அவர் கேட்டது படகை. நான் சொன்னது ஸ்கிரிப்டை. செய்தி வந்ததா என்றுகூட நான் கேட்கவில்லை...

குடலிறக்க ஒப்பரேசன் முடிந்து நான்கே நாளான கணவரோடு, யாழ்ப்பாணத்தில் தங்கை வீட்டில் இருந்தவர் அக்கா. என் வார்த்தையை நம்பிக் கணவரைப் பஸ்ஸில் ஏற்றித் துறைக்குக் கொண்டுவந்துவிட்டார். துறையிலோ பேய்க்காற்று. படகு இல்லை.

துறை நண்பன் போனில் சொல்லி, நான் இருக்கும் வேலணையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பறந்தேன். அண்ணை — அக்காவின் கணவர் — வயிற்றைப் பிடித்தபடி வாங்குப் பலகையில் சரிந்து கிடந்தார். தையல் இடத்தில், உடுத்திருந்த சாரத்தில், சின்னதாய் இரத்தம். திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ பிடித்தேன். அக்கா மருந்துப் பையை எடுத்தார். அண்ணைதான் மெல்லச் சொன்னார்:

“நீர் பொய் சொல்லேல்லை தம்பி. உம்மட சாமான் ஓடுதுதானே. நாங்கள்தான் கிடக்கிறம்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அக்காவின் போன் ஒலித்தது. 'இன்று படகு ஓடாது.' அனுப்பியது... என் ஸ்கிரிப்ட்!

மணி பதினொன்று. சர்வரின் மணிக்கூடு நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் என்பதை நான் பார்க்கவே இல்லை. அங்கே அப்போதுதான் விடிய ஐந்தரை.

அக்கா வாசித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். போனைக் கைப்பையில் போட்டுவிட்டு, அண்ணையைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார்.

ஸ்கிரிப்ட் நிற்காமல் ஓட எத்தனை வரி எழுதினேன்! “எது அக்கா?” என்று கேட்க எனக்கு இரண்டு சொல் வரவில்லை.