கண்ணை மூடச் சொன்னோம்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெங்களூரு விவேக் நகரில் உள்ள எங்கள் அலுவலகத்தில் நடந்தது இது. நானும் என் கல்லூரி நண்பரும் இருபது வருடங்களுக்கு மேலாகச் சிறிய மென்பொருள் சேவை நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறோம். இந்தத் தொழிலில் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் நேர்முகத் தேர்வில் பேசுவதும், இல்லாத அனுபவத்தை இருப்பதாகக் காட்டுவதும் சகஜம். அப்படி ஒருவரைக்கூட நாங்கள் வாடிக்கையாளரிடம் அனுப்பியதில்லை. அவசரத்துக்குப் போலி ஆளைக் காட்ட மறுத்ததால் ஒரு பெரிய ஒப்பந்தமே கைவிட்டுப் போயிருக்கிறது. அதில் எங்களுக்குப் பெருமைதான். எல்லாத் தேர்விலும் நாங்கள் இருவருமே உட்காருவது அதனால்தான்.

அன்று வீடியோவில் வந்தவர் பொம்மனஹள்ளியில் தங்கியிருந்த ஒரு தமிழ்ப் பெண். ஆட்குறைப்பில் வேலை போய்ப் பல மாதங்களாகத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பதில்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் கண் வலப்பக்கம் கீழே போகும். சற்றுத் தாமதித்துத்தான் பதில் வரும்.

நண்பர் ஒலியை நிறுத்திவிட்டு, "பக்கத்துல ஆள் இருக்கு மச்சான். எடுத்துக் குடுக்குது," என்றார்.

எனக்கும் அதே எண்ணம். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினார். கட்டில், துணி காயும் கொடி, சாத்திய கதவு. யாரும் இல்லை. ஆள் இல்லையென்றால் போன் இருக்கும் என்று தோன்றியது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அடுத்த கேள்விக்கு மட்டும் கண்ணை மூடிட்டுப் பதில் சொல்லுங்க," என்றார் நண்பர். இப்போதெல்லாம் இப்படிச் சோதிக்கும் வழக்கம் வந்திருக்கிறது.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

நண்பர் கேள்வி கேட்டார். பதில் இல்லை. உரக்கக் கேட்டார். முகத்தில் ஓர் அசைவுகூட இல்லை. இந்த முறை ஒலியை நிறுத்த மறந்துவிட்டு, "இவ்வளவுதான் சரக்கு. சும்மா டைம் வேஸ்ட். கட் பண்ணிடலாம்," என்றார்.

அந்தப் பெண் கண்ணைத் திறந்தார்.

"கேள்வி கேட்டுட்டீங்களா சார்? கண்ணை மூடினா எனக்குக் காது கேக்காது."

போனை எடுத்துக் கேமரா முன் நீட்டினார். நாங்கள் பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் செயலி அதில் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி இரண்டு முறை இருந்தது. அதற்குக் கீழே, "கட் பண்ணிடலாம்" என்பதும் இருந்தது.

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் போனைத் தன் பக்கம் திருப்பி, கேள்வியைப் படித்துப் பதில் சொன்னார். சரியான பதில்.

எனக்கு அப்போதும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. "இதை அப்ளிகேஷன்ல ஏம்மா எழுதல?" என்று கேட்டேன்.

"எழுதின எடத்துலேர்ந்து கூப்பிடவே இல்ல சார். எழுதாததாலதான் நீங்க இவ்வளவு தூரம் பேசறீங்க."

வேலை கொடுத்தோம். சேர்வதற்கு முன் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "மீட்டிங்ல ஒருத்தர் பேசி முடிச்சப்புறம் இன்னொருத்தர் பேசுவாங்களா சார்?"

"இருபது வருஷமா நானும் அதைத்தாம்மா கேட்டுட்டிருக்கேன்," என்றார் நண்பர். அன்று முதல் முறையாக அந்தப் பெண் சிரித்தார்.

இப்போது தேர்வு தொடங்கும்போதே, பேசுவதற்கு ஏதாவது வசதி வேண்டுமா என்று எல்லோரிடமும் கேட்கிறோம். போலிகள் இன்னும் வருகிறார்கள். நானும் இன்னும் சந்தேகப்படுகிறேன். ஆனால் கண் வேறு பக்கம் போனது என்பதற்காகவே முன்பு நாங்கள் பாதியில் துண்டித்தவர்களில் எத்தனை பேர் உண்மையானவர்களோ என்று நினைக்கும்போது, போலி ஒருவரைக்கூட நாங்கள் அனுப்பியதில்லை என்று பெருமையாகச் சொல்ல எனக்கு இப்போதெல்லாம் வாய் வருவதில்லை.