சாகாத வம்சம்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் ஞானாபரணம். அவளுடைய அப்பா மாசிலாமணி, 1949இல் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலை விட்டு வெளியேறியவர். ஆராதனை நடத்தும் உபதேசியார் வேலை தகப்பனிடமிருந்து மகன் பாக்கியநாதனுக்கு வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "நீங்க என்ன ஆரோன் வம்சமா? எங்களுக்கெல்லாம் ஜெபம் பண்ணத் தெரியாதா?" என்று சபை நடுவில் கேட்டுவிட்டு, பதினொரு குடும்பங்களை அழைத்துக்கொண்டு போனார். அவர்கள், வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் தனியாகக் கூடி ஜெபித்தார்கள்.

மறுவருஷம் ஆனி மழையில் ஆட்டுக்கொட்டிலைப் பார்க்கப் போன மாசிலாமணி மேல் மண் சரிந்தது. அடக்கத்தன்று பாக்கியநாதன் கோராகின் கதையைச் சொன்னார். கோராகு லேவி கோத்திரத்தான்; ஆரோன் குடும்பத்துக்குரிய ஆசாரியப் பணியைத் தனக்கும் கேட்டு எழும்பினான்; பூமி வாயைத் திறந்து அவனை விழுங்கியது. மாசிலாமணியின் பெயரை உபதேசியார் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பதினொரு குடும்பமும் அந்த மாதமே கோயிலுக்குத் திரும்பிவிட்டது. ஞானாபரணத்தை யாரும் ஏசவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு அவள் வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

அவளுக்கு வாசிக்கத் தெரியும். அப்பாவின் வேதப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். எல்லோரும் தாண்டிப் போகும் பெயர்ப் பட்டியல்களையும், இன்னாரின் மகன் இன்னார் என்று விரலை வைத்து வாசித்தாள். கணவன் செல்லசாமி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் களைத்து வந்து, "இன்னைக்கு யாரு பெத்த புள்ள?" என்று கேலி செய்வான்.

1952 பங்குனியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு, அவள் உபதேசியாரிடம் போனாள்.

"ஐயா, கோராகு புள்ளைங்க என்ன ஆனாங்கன்னு நீங்க சொல்லவே இல்லைங்களே."

"அவனோட சேந்து அவங்களும் போயிட்டாங்க."

"இல்லைங்க. சாகலைன்னு எழுதியிருக்கு." அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். பிறகு இன்னொரு பக்கம். கோராகின் பேரப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஆலயத்தின் வாசல் காத்தவர்கள். அவர்கள் பெயரில் சங்கீதங்களும் இருந்தன.

பாக்கியநாதன் நின்றபடியே இரண்டு தடவை வாசித்தார். "இந்தப் பேருங்களயெல்லாம் நான் வாசிச்சதே இல்ல, அம்மா," என்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். "சாவு வீட்டுல பாதிக் கதையச் சொல்லிட்டேன்."

"எங்கப்பன் பேசுனது தப்புதாங்க. அதுக்காக எங்கள ஆண்டவரு வேணாம்னு சொல்லலை. அது தெரிஞ்சதே போதும்."

அவர் போதும் என்று விடவில்லை. அடுத்த ஞாயிறு மீதிக் கதையைச் சபையில் சொன்னார். அடக்கத்தன்று அதை விட்டது தன் பிழை என்றும் சொன்னார். முன்வரிசையில் இருந்த அழகம்மா, பதினொரு குடும்பங்களில் ஒருத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆராதனை முடிந்ததும் கோயில் சாவியை உபதேசியார் ஞானாபரணத்தின் கையில் கொடுத்தார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கதவைத் திறந்தவள் அவள்தான். மழைக்காலத்தில் பலகை ஊதி இறுகிவிடும். தோளால் இடித்துத் திறப்பாள். மழைக்குப் போர்த்தி வந்த ஈரக் கம்பளிகளை வாங்கி வாசலருகே கொடியில் போடுவாள். யார் வரவில்லை என்று அவளுக்குத்தான் முதலில் தெரியும். மத்தியானம் வராதவர்களின் வீட்டுக் காம்பராவுக்குப் போய் விசாரிப்பாள். பீலிக்கரையில் அவளைக் கண்டு பேச்சை நிறுத்தியவர்களின் வீடுகளில், இப்போது அவளுக்குப் பால் விடாத சாயத்தண்ணித் தேநீர் ஊற்றி வைத்துக் காத்திருந்தார்கள்.

1964இல் அவளுடைய மகளுக்கு அதே கோயிலில் கல்யாணம். ஹட்டனிலிருந்து வந்த குருவானவர், பெண்ணின் தாயை முன்னால் வரச் சொல்லி ஆளனுப்பினார்.

"வர்றேங்க," என்றாள் ஞானாபரணம். "மாப்பிள்ளை வீட்டு லொறி இன்னும் ஒன்னு வரணும். அவங்கள உள்ள கூப்பிட்டுட்டு வந்துர்றேன்."

லொறி வளைவில் ஏறி வரும் சத்தம் கேட்டது. அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு படியில் இறங்கினாள்.