கதவிடுக்கில் ஈரத்துணி

சாயங்காலத்துக்குள் ஏஜென்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஜெக்கரியா சரியென்றால் மறுபடியும் சவூதி. இல்லையென்றால் விசா வேறொருவருக்குப் போய்விடும். போங்க, போங்க என்று ஒரு மாதமாக நச்சரித்தது அவர் மனைவி ஹபீபுன்னிசாதான்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. கஜா புயலில் வீடு விழுந்தது. புது வீடு அஸ்திவாரத்தோடு நிற்கிறது. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று, ரோடு கான்ட்ராக்டர் கழித்துவிட்ட தகரக் கேபின் ஒன்றை லாரியில் கொண்டுவந்து பேராவூரணித் தோப்புக்குள் கல்லுக்கட்டின் மேல் இறக்கினார்கள். ஜெக்கரியா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பழகிடும்" என்றார். அவளுக்குப் பழகவில்லை. வெயிலில் வேகுவதும் மழையில் காது அடைப்பதுமாக அலுத்துப்போயிருந்தாள்.

மத்தியானம் காற்று கிளம்பியது. கேபின் ஆடியது; அலமாரித் தட்டுகள் கலகலத்தன.

"ஏங்க, பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாங்க!"

"இப்ப வெளிய போனா மரம் விழும். அங்க சாயாதே, இப்படி வந்து உக்காரு."

காற்று மோதும் பக்கமாக அரிசி மூட்டையை இழுத்துப் போட்டார். எதிர்ப்பக்க ஜன்னலை விரலளவு திறந்துவைத்தார். எதற்கும் யோசிக்கவேயில்லை. பிறகு பழைய கைலியை வாளியில் முக்கிப் பிழிந்து, கதவிடுக்கில் நெடுகத் திணித்தார்.

"அது எதுக்குங்க?"

"மணல் உள்ள வந்துடும்ல?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வெளியே கொட்டுவது மழை. தென்னந்தோப்பில் ஏது மணற்காற்று? ஹபீபுன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

"அங்கயும் இந்த மாதிரிப் பெட்டிதானா? ஏசி ரூம், ராஜா மாதிரி இருக்கேன்னு போன்ல சொன்னீங்களே?"

"ஏசி இருந்துச்சு. காத்தடிச்சா கரண்ட் போயிடும்."

பாவி மனுஷன், இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபம் வந்தது அவளுக்கு. கோபத்துக்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

காற்று அடங்கும் நேரத்தில் போன் அடித்தது. ஏஜென்ட்தான். ஜெக்கரியா கை நீட்டுமுன் அவள் எடுத்தாள்.

"அவங்க வரலைங்க. வேற ஆளைப் பாருங்க."

ஜெக்கரியா அவளையே பார்த்தார். "அப்ப வீடு?"

"நடக்கும்போது நடக்கட்டும். இந்த மாதிரிப் பெட்டிக்குள்ள நீங்க தனியாக் கிடந்தது போதும். இனி நானும் கிடக்குறேன்."