பால் வாங்க வந்தவர்கள்

ரோஸ்லின் டீச்சர் முந்தாநாள் இறந்துவிட்டார். மாரடைப்பு. சாகிற வயசே இல்லை.

சின்னமனூரில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். பெயருக்குக் கீழே ‘பால் பண்ணை உரிமையாளர்’ என்று போட்டிருக்கிறது. டீச்சர் என்று போடவில்லை... அதற்கு நானும் ஒரு காரணம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

உத்தமபாளையத்தில் என் பாத்திரக்கடையைத் தெரிந்தவர்களுக்கு என் மகள் ரிஸ்வானாவையும் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் அவள் ஸ்கூலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். யூனிஃபார்மைப் போட்டதும் வாந்தி எடுப்பாள். டாக்டர், தண்ணி ஓதிக் கொடுப்பது, அடி... எல்லாம் பார்த்தாயிற்று.

கடைசியில் கடைக்கு வந்த ஒருவர்தான் டீச்சரைப் பற்றிச் சொன்னார். மேகமலை அடிவாரத்தில் பண்ணை வைத்திருக்கிறார், ஸ்கூல் ஒத்துவராத நாலைந்து பிள்ளைகளைத் தங்கவைத்து, மாடு கன்றோடு படிப்பும் சொல்லிக்கொடுக்கிறார் என்று.

மாடா... எனக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது.

“படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்று அவளை எத்தனை தடவை திட்டியிருப்பேன். இப்போது நானே பைக்கில் உட்காரவைத்து மாடு மேய்க்கக் கொண்டுபோய் விட்டேன்.

டீச்சரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “இங்கன வர்ற அப்பாமாரு எல்லாருமே அதத்தான் சொல்றாக பாய். மேய்க்கிறது என்ன லேசுன்னு நெனச்சீகளா?”

ரிஸ்வானாவுக்குச் செவலை என்று ஒரு மாட்டைக் கொடுத்தார். முதலில் அது அவளிடம் பால் விடவே இல்லை. “ஒனக்குப் படபடன்னு இருந்தா அது பால அடக்கிக்கிரும். மொதல்ல நீ மூச்ச விடு. அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். இவள் மாட்டு வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாளாம்.

ஒருநாள் போன் வந்தது. என்னோடு பேசுவதையே விட்டிருந்த பிள்ளை. “அத்தா... செவலை எனக்குப் பால் விட்டுருச்சு.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரி சரி, கடையில ஆள் நிக்கிது. அப்புறம் பேசு.”

கடையில் இருந்தது என் அக்கா. அக்காவிடமும் மற்ற சொந்தங்களிடமும், பிள்ளை சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

அந்த வருஷம் பக்ரீத்துக்கு வந்தவளிடம் அக்கா கேட்டார். “சென்னை எப்படிடி இருக்கு?” ரிஸ்வானா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, “ஒரே வெயிலு மாமி. தண்ணியும் உப்பு” என்றாள்.

அவள் சென்னையைப் பார்த்ததே இல்லை. எனக்காகப் பொய் சொன்னாள். நான் அக்காவின் தட்டில் இன்னும் கொஞ்சம் பிரியாணி வைத்தேன்.

ஒருமுறை டீச்சர் பெற்றோர்களை எல்லாம் கூப்பிட்டு, கேட்டில் ‘பண்ணைப் பள்ளி’ என்று ஒரு போர்டு வைக்கலாம் என்று இருப்பதாகச் சொன்னார். முதலில் எழுந்தவன் நான்தான். “போர்டெல்லாம் வேணாம் டீச்சர். நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவக என்ன நெனப்பாக?” மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

டீச்சர், “சரி, உங்களுக்குச் சங்கடம்னா வேணாம்” என்றார். அடுத்த தடவை போனபோது ‘இங்கு பசும்பால் கிடைக்கும்’ என்று போர்டு இருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது... வெட்கமாக இருக்கிறது எழுத.

ரிஸ்வானா அங்கிருந்தே பிரைவேட்டாகப் பத்தாவது எழுதி பாஸானாள். இன்றைக்குத் தேனியில் காலேஜ் போகிறாள். பஸ்ஸில், தனியாக.

நேற்று அடக்கத்துக்கு அவளும் நானும் போயிருந்தோம். டீச்சரின் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நீங்க யாரு... அக்காவுக்கு எப்படிப் பழக்கம்?” என்று கேட்டார்.

“பால் வாங்குவோம்ங்க” என்றேன். மகள் பக்கத்தில் நிற்கிறாள். வாய் கூசவில்லை எனக்கு.

அடுத்து நின்றவர் கம்பத்துக்காரர். அவருடைய மகனும் ரிஸ்வானாவோடு அங்கே படித்தவன்தான். அவரும், “நானும் பாலுக்குத்தான் வருவேன்” என்றார்.

தம்பிக்கு ஆச்சரியம். “அக்காகிட்டப் பால் வாங்குனவக இம்புட்டுப் பேரா... கம்பத்துல இருந்துமா வருவீக?” கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

ரிஸ்வானாதான் பேசினாள். “நான் பால் வாங்க வரல மாமா. அவுக எனக்கு டீச்சர். என்னயப் படிக்க வச்சதே அவுகதான்.”

அந்த மனுஷன் அப்படியே அழுதுவிட்டார். “ஸ்கூல் வேலைய விட்டுட்டு மாட்டோட கெடந்து வீணாப் போறாளேன்னு எத்தன தடவ அக்காவ வஞ்சிருக்கேன்... பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லிக்குடுத்துச்சுன்னு ஒரு வார்த்த சொன்னதில்லையேம்மா.”

எங்கள் மானத்தைக் காப்பாற்ற, கூடப்பிறந்த தம்பியிடம் கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அக்கா, இதைப் படிப்பீர்கள். சென்னை ஹாஸ்டல் பொய். பொண்ணு கேட்டு வருகிறவர்களும் படித்துக்கொள்ளட்டும். ரிஸ்வானாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எம் பேரையும் போடுங்கத்தா” என்றாள்.

போய் வாருங்கள் டீச்சர். நேற்று உங்கள் தம்பி நான் யார் என்று கேட்டார்...

நான் உங்களிடம் படித்த ரிஸ்வானாவின் அத்தா.