அத்தான் போர்டு வைத்த குன்று

அந்தப் போர்டை நினைத்தால் முதலில் அதன் நீல நிறம்தான் கண்ணில் வருகிறது. பெயின்ட் வாசனைகூடப் போகாத தகரப் பலகை. அதைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, திருமங்கலம் வழியாகப் பேரையூர் போகும் பஸ்ஸில், புதுப்பெண்ணைக் கூட்டிப்போவதுபோல ஜன்னலோரம் உட்காரவைத்துக் கொண்டுபோனார் என் அத்தான். என் அக்காவின் கணவர் அவர். அக்காவும் நானும் திருமங்கலம் வரை நின்றுகொண்டே போனோம். "ஒன் வீட்டுக்காரருக்கு அதுதேன் மூத்த பொண்டாட்டி" என்று அக்காவின் காதில் சொன்னேன். புளியோதரைத் தூக்குவாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தானுக்கு அரசு அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் வீடு தங்க மாட்டார். மதுரையைச் சுற்றி எந்தக் குன்றில் குகை இருக்கிறது, எந்தக் கண்மாய்க்கரையில் வீரன் கல் சாய்ந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரோடு கோயிலுக்குப் போனால் நிம்மதியாகச் சாமி கும்பிட முடியாது. பக்கத்தில் யாரோ தன் பிள்ளையிடம் தூணைக் காட்டிப் பாண்டியர் காலம் என்று சொன்னால், நின்று, நாயக்கர் காலம் என்று திருத்திவிட்டுத்தான் நகர்வார். என் கல்யாணப் பந்தியிலேயே மாப்பிள்ளை வீட்டாரின் குலதெய்வக் கோயிலுக்கு எழுநூறு வயதைக் குறைத்தார். என் மாமியார் இன்றுவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கு நடுவில் இருக்கிறது அந்தக் குன்று. அதன் அடிப்பாறையில் ஒரு சமணத் தீர்த்தங்கரர் செதுக்கப்பட்டிருக்கிறார். தலைக்கு மேல் முக்குடை, இரண்டு பக்கமும் சாமரம் வீசுகிறவர்கள். ஊர்க்காரர்களுக்கு அவர் மொட்டையய்யா. துணியில்லாமல் இருக்கிறாரே என்று வேட்டி சுற்றி, நல்லெண்ணெய் ஊற்றி, சந்தனம் அப்பி, முகமே தெரியாமல் ஆக்கியிருந்தார்கள். அவருக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. குன்றின் மேல் இரும்பு படக்கூடாது. அம்மிக்கல் வேண்டுமென்றாலும் அங்கே கல் உடைக்காமல் வெளியூர்ச் சந்தையில்தான் வாங்குவார்கள்.

போர்டு நட அத்தான் கடப்பாரை கேட்டபோது பூசாரி பதறிப்போனார். அத்தான் வயதுதான் அவருக்கும். "பாறையில வேணாம் சார். கீழ தரையில ஊண்டுங்க, யாரும் ஒன்னும் சொல்லமாட்டாக" என்றார். அத்தான் விடவில்லை. "இது சாமியே இல்லண்ணே. சமணத் துறவி. ஆயிரம் வருசத்துச் சிலை. எண்ணெய ஊத்தி ஊத்திக் கெடுத்து வச்சிருக்கீங்க" என்றார். பூசாரி கோபப்படவில்லை. "எங்களுக்கு அய்யாதேன். நீங்க படிச்சவுக, எழுதிக்கங்க" என்றார். போர்டு கீழே தரையில் நின்றது. 'இது வழிபடும் தெய்வம் அன்று. எண்ணெய் பூசாதீர்' என்று வெள்ளை எழுத்தில், தூரத்திலிருந்தே படிக்கும்படி.

அத்தான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதை இப்போதும் சொல்வேன். மதுரையிலிருந்து கேமராவும் தொப்பியுமாகப் பலர் வர ஆரம்பித்தார்கள். அத்தானே நடந்து நடந்து விளக்கம் சொன்னார். வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லி, ஊர் இளவட்டங்களுக்கு எண்ணெய் ஊற்றுவது கூச்சமாகிவிட்டது. வேட்டி போயிற்று. பொங்கல் வைக்க வருகிற கூட்டம் குறைந்தது. சிலையின் முகம் வெளியே வந்தது. நிஜமாகவே அழகான முகம். அதைப் பார்த்துப் பார்த்து அத்தானுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

பிறகு கல்குவாரிக்காரர் வந்தார். சிலைப் பாறையைத் தொடமாட்டோம், பின்பக்கம் மட்டும் போதும், ரோடு போட்டுத்தருகிறோம், பையன்களுக்கு வேலை என்றார். ஊர்க்கூட்டம் போட்ட அன்று காலையில் பூசாரி போன் செய்தார். "சார், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. அது சாமிதேன், குன்றுல இரும்பு படக்கூடாதுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா எவனும் கேக்கமாட்டேங்கிறான்." அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கல்லைப் பற்றி அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

வேப்பமரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. அத்தான் எழுந்து அந்தச் சிலையின் காலம், அருமை, குன்று போனால் மழைத்தண்ணீர் கண்மாய்க்கு வரும் பாதையும் போகும் என்பதையெல்லாம் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். முன்வரிசையில் இருந்த ஒரு பையன் மரியாதையாகவே எழுந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை பிடிக்காமல் திரும்பி வந்தவனாம்.

"அதெல்லாம் சரிங்கய்யா. சாமியா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு பூசாரியைப் பார்த்தார். "சாமிதான்" என்றார். குரல் எழும்பவே இல்லை.

"அப்ப போர்டுல எழுதுனது பொய்யா? இல்ல, இப்ப சொல்றது பொய்யா?"

சிரித்தார்கள். ரொம்பப் பேர் இல்லை, நாலைந்து பேர்தான். எனக்கு அவர்கள்மேல் வந்த ஆத்திரத்தைவிட அத்தான்மேல் வந்த ஆத்திரம்தான் அதிகம். ஏன் என்று இன்றும் தெரியவில்லை. பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

இப்போது அங்கே சிலைப் பாறை மட்டும் நிற்கிறது. பின்னால் போய்ப் பார்த்தால் பச்சைத் தண்ணீர் தேங்கிய பெரிய பள்ளம். அத்தான் அதற்கப்புறம் எந்தக் குன்றுக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் நானும் அக்காவும் பிடிவாதம் பிடித்து, வாடிப்பட்டிப் பக்கம் ஒரு மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே புடைப்புச் சிற்பம் ஒன்று இருந்தது. அதன் முன்னால் ஒரு பெண் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தாள். அத்தானின் வெள்ளைத் தலையையும் கண்ணாடியையும் பார்த்து, "படிச்சவுக மாதிரி இருக்கீக. இது என்ன சாமிய்யா?" என்று கேட்டாள்.

அவருக்குத் தெரியும். போகும்போதே காரில், அது யார், எந்தக் காலம் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

"தெரியலயேம்மா. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அந்தப் பெண் ஏதோ ஒரு பெயர் சொன்னாள். ஒரு கதையும் சொன்னாள். முதலிலிருந்து கடைசிவரை தப்பு. அத்தான் கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். திரும்பும்போது அக்கா, "மனுசன் இப்பத்தேன் பக்குவப்பட்டிருக்காரு" என்றாள். நான் அவளிடம் சண்டை போட்டேன். அது பக்குவம் இல்லை. பயம். எனக்குத் தெரிந்த அத்தானாக இருந்தால், அந்தப் பெண்ணைத் திருத்தாமல் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்.