மச்சான் பிடித்த கயிறு

ஜோன்ஸின் கடல் இப்போது தலைக்கு மேலே இருக்கிறது. மதிய வெயில் வாசலில் இருக்கும் அண்டாத் தண்ணீரில் பட்டு, வெள்ளையடித்த கூரையில் அலையலையாய் நெளியும். கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி அதையே பார்ப்பான். பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்திலிருந்து நிமிர்ந்தால் கடலின் மேல்தோல் இப்படித்தான் தெரியும். சில நேரம் மீன்கூட ஒன்று கடந்து போகும். தண்ணீர் குடிக்க வந்த காக்கையின் நிழல் அது.

கழுத்துக்குக் கீழே உடம்பு செத்து மூன்று வருடம். பேச்சும் போயிற்று. மிஞ்சியது கண்ணும் இடதுகை ஆள்காட்டி விரலும். அந்த விரலையும், சும்மா நடுக்கம் என்றுவிட்டார் டாக்டர்.

சங்கு குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன் பிடிப்பது திரேஸ்புரத்தில் வழக்கம். அக்கா தாலியை நினைத்தாவது கையை விட மாட்டான் என்ற நம்பிக்கை. ஒரு இழுப்பு என்றால் மெல்லத் தூக்கு. இரண்டு என்றால் கயிற்றைத் தளர்த்து. மூன்று என்றால் உயிர் போகிறது, சட்டென்று தூக்கு.

அன்று ஜோன்ஸ் கடலடியில் இருக்கும்போது, படகிலிருந்து வரும் மூச்சுக்குழாயில் காற்று நின்றது. கயிற்றை மூன்று முறை இழுத்தான். மேலே கயிறு பிடித்திருந்த பாஸ்கல், மனைவி ரெஜினாவின் தம்பி, பதறித் தூக்கினான். அவ்வளவு வேகமாக மேலேறினால் ரத்தத்தில் காற்றுக்குமிழி கட்டிவிடும், கட்டிவிட்டது. "நீரோட்டம் கயித்த ஆட்டியிருக்கும், இவன் அவசரப்பட்டுட்டான்" என்று கரையில் பேசினார்கள். போகப்போக பாஸ்கலும் அதையே நம்பினான். கடலை விட்டு நிலக்கரி லாரிக்குப் போனான். ஞாயிறுதோறும் மீன் வாங்கி வருவான். வாசற்படியைத் தாண்ட மாட்டான்.

இழுத்தது நான்தான்லே. இந்த ஒன்றைச் சொல்லாமலே செத்துவிடுவோமோ என்பதுதான் ஜோன்ஸின் பயமெல்லாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் ஓடியது. அதிலும் ஒருவன் அசையாமல் கிடந்தான். எல்லாரும் கைவிட்ட பிறகு, அவன் கால் பெருவிரல் பாட்டுக்குத் தாளம் போடுவதை மகள் கண்டுகொள்கிறாள். ரெஜினா மூக்கைச் சிந்தினாள். வாசலில் நின்ற பாஸ்கலும் கண்ணைத் துடைத்தான்.

"ஏலே, படத்துல வாரவனுக்கு அழுத. உள்ள கெடக்க மச்சானை எட்டிப் பாக்க மாட்டேங்குத."

"விடுக்கா."

"என்னத்த விட? இவுக விரலுந்தான் ஆடுது. தாளம்னு மட்டும் நெனைச்சிராத. கோயில்ல பாட்டு புஸ்தகத்தால மூஞ்சிய மறைச்சிட்டுத் தூங்குத ஆளு!"

பாஸ்கல் சிரித்துவிட்டான். சட்டென்று சிரிப்பு நின்றது. தாளமில்லை என்றால் வேறென்ன? மீன் பையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான். படி தாண்டி உள்ளே வந்து ஒரு நுனியை அந்த விரலில் கட்டி, மறுநுனியைத் தன் உள்ளங்கையில் சுற்றிக்கொண்டான்.

"மச்சான், அன்னைக்கு..." கயிற்றை விறைப்பாகப் பிடித்தான்.

கூரையில் கடல் நெளிந்தது. ஜோன்ஸ் அதன் அடியில், வெளிச்சம் தூள்தூளாய் இறங்கும் மணலில் நின்றான். இழுத்தான். வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு மூன்றாவது.

"என்னலே சொல்லுதாவ?"

"மூணு இழுப்புக்கா. அன்னைக்கு மச்சாந்தான் இழுத்திருக்கான்." பாஸ்கல் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

விரல் ஓய்ந்து கிடந்தது. பிறகு மறுபடி இரண்டு தரம் அசைந்தது.

"இப்ப என்னலே?"

"கயித்தத் தளத்தச் சொல்லுதான்."

பாஸ்கல் தளர்த்தினான். நுனியை மட்டும் விடவில்லை.